செப்புக்காசிற் சரித்திரம் தேடிய சேர் வால்ற்றர் எலியற்

செவ்விந்தியர் தலை பொறித்த பழைய அமெரிக்கச் சதம் ஒன்று கைக்கு வந்துவிட்டால் அதனைப் புதையலெனப் போற்றும் மாணவர் நம்மிடையே உளர். அவர்களே, தோட்டத்து லயத்திற் பாட்டியின் சுருக்குப்பையிற் கிடக்கும் களிம்பேறிய செப்புக்காசை ஏறெடுத்தும் பாரார். அத்தகைய காசுகளைத் தேடித் தென்னாடெங்கும் அலைந்த பெரியார் ஒருவரைப் பதுளை இளைஞர் அறிதல் நன்று.

வால்ற்றர் எலியற் 1803ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் எடின்பரோ நகரிற் பிறந்தார். இளமையிலேயே சென்னை அரசாங்க சேவையிற் சேர்ந்தார். 1824இல் கித்தூரிற் கலகம் மூண்டது. கலெக்டர் தாக்கரே கொல்லப்பட, இருபத்தொரு வயதினரான எலியற் சிறைப்பட்டார். வாரங்கள் சில சென்றபின் உயிரோடு விடுவிக்கப்பட்டார். அந்நாட்டின்மீது வெறுப்புக் கொள்ளப் போதிய காரணம் இருந்தது. அவரோ அங்கேயே பல்லாண்டு தங்கி, ஊரூராகச் சென்று கல்வெட்டுக்களைப் படியெடுக்கலானார். இவ்வாறு தொகுத்தவை 595.

கல்வெட்டுக்குக் கோவிற் சுவர் காவல். செப்புக்காசுக்கு அக்காவலும் இல்லை. பொற்காசை அரசர் பொக்கிஷத்தில் வைப்பர். செப்புக்காசோ உப்பும் மிளகும் வாங்கும் ஏழையின் கையிற் புழங்கித் தேய்ந்து, ஈற்றிற் கன்னாரின் உலைக்குப் போய்க் குடமாகிவிடும். உலை முந்துமா, ஆராய்ச்சியாளர் முந்துவரா என்பதே வழக்கு. எலியற் பலமுறை முந்திக்கொண்டார். சோழமண்டலக் கரையிற் கிடைத்த, இருபாய்மரக் கப்பல் பொறித்த ஈயக்காசுகளை அறிஞருலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார். அவற்றைக் குறும்பர், பல்லவர் ஆகியோருடன் அவர் தொடர்புபடுத்தினார். பிற்கால ஆய்வாளர் சாதவாகனருடையவை என்பர். முதலில் வழி வெட்டுபவன் சிறிது கோணலாக வெட்டுவதும் உண்டு.

இராசராசனின் காசில் ஒருபுறம் நின்ற உருவமும் மறுபுறம் இருந்த உருவமும் காணப்படும். அதே அமைப்பைப் பொலனறுவை மன்னர் பராக்கிரமபாகுவும் அவர் பின்வந்தோரும் கைக்கொண்டனர். நம் நாட்டு மண்ணில் இன்றும் அகப்படும் செப்புக்காசுகளுட் பல இவ்வகையினவே. தென்னிந்தியக் காசு கற்பவன் இலங்கையையும் கற்கிறான்.

1845இல் அமராவதித் தூபியை அகழ்ந்தமையும், சார்ள்ஸ் டார்வினுக்குப் புறாக்களின் தோல்களை அனுப்பியமையும் வேறு கதைகள். சென்னை நிர்வாக சபையில் அங்கத்துவம் வகித்தபின் 1860இல் தாயகம் திரும்பினார். 1866இல் சேர் பட்டம் பெற்றார். அவர் சேர்த்த காசுகளுட் பல பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தன. உலைக்குத் தப்பியவை கடல் கடந்துவிட்டன என்பது நமக்கு வருத்தமே, ஆயினும் தப்பினவே!

முதுமையில் அவர் பார்வை மங்கியது. காசின் தேய்ந்த எழுத்தைக் கண்ணாற் படித்தே வாழ்ந்தவருக்கு இதனினும் கொடிய இழப்பு யாது? விரல் நுனியால் தடவித்தான் பழைய நண்பர்களை அடையாளங் கண்டாரோ என எண்ணத் தோன்றுகிறது. இருந்தும், பிறரைக்கொண்டு எழுதுவித்துத் தென்னிந்திய நாணயங்கள் பற்றிய தம் பெருநூலை 1886இல் வெளியிட்டார். அப்போது வயது எண்பத்து மூன்று.

1887 மார்ச் முதலாம் நாட் காலை, போப்பையருக்கு அவர் ஒரு கடிதம் எழுதுவித்தார். போப்பையரின் திருக்குறட் பதிப்புப் பற்றிய செய்தியை மகிழ்ந்து பாராட்டி, தமிழின் வட்டார வழக்கொன்றைக் குறித்து விசாரித்திருந்தார். தம் கையாலேயே ஒப்பமுமிட்டார். அன்று மாலை அவர் உயிர் பிரிந்தது.