நூல் நிலையம் வளர்த்த பானிட்சி

நூல் நிலையத்துட் புகுந்து, வேண்டிய நூலின் பெயரை எழுதிக் கொடுத்துச் சிறிது பொழுதில் அதனைக் கையிற் பெறுகின்றோம். இவ்வெளிமைக்குப் பின்னுள்ள பேருழைப்பை நாம் எண்ணுவதில்லை. அவ்வுழைப்பிற்கே தம் வாழ்நாளை ஈந்த பெரியாருள் ஒருவர் அந்தோனியோ பானிட்சி என்பார். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1797ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் இத்தாலியில், மோடெனா நாட்டைச் சார்ந்த பிரெசெல்லோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். பார்மா நகரில் சட்டம் பயின்று 1818இல் பட்டம் பெற்றார். அந்நாளில் இத்தாலி பல கூறாகப் பிரிந்து கொடுங்கோலின்கீழ் வருந்திற்று. விடுதலை நாடிய மறைக் கூட்டமொன்றிற் சேர்ந்தமையால் அரசினர் இவரைத் தேடினர். 1822இல் எல்லை கடந்து தப்பினார். மறு ஆண்டில், இவர் இல்லாதபோதே மரண தண்டனை விதித்து, இவருக்கீடாக ஓர் உருவத்தைத் தூக்கிலிட்டனர். அச்செலவையும் இவரே செலுத்துமாறு கணக்கனுப்பினர்!

1823இல் வறியராய் இங்கிலாந்தை அடைந்த பானிட்சி, லிவர்ப்பூல் நகரில் இத்தாலிய மொழி கற்பித்துப் பிழைத்தார். 1831இல் இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்து நூல் நிலையத்தில் துணை அலுவலராக அமர்ந்து, 1837இல் அச்சு நூற்பகுதியின் தலைவரானார். அயல் நாட்டானுக்கு இப்பதவியோ என்று பலர் இகழ்ந்தனர். இவரோ இகழ்ச்சிக்குத் தம் தொழிலாலேயே விடையளித்தார்.

1841இல் நூல் அட்டவணைக்கு 91 விதிகள் வகுத்தார். வெளியாகும் நூல்தோறும் ஒரு படி இந்நிலையத்திற்குத் தரல் வேண்டுமென்னும் சட்டம் ஏட்டளவில் உறங்கிக் கிடந்தது. தராத பதிப்பாளர்மீது வழக்குத் தொடுத்து அதனை விழிப்பித்தார். இவர் நட்பின் பயனாகத் தாமஸ் கிரென்வில் என்னும் செல்வர், 1846இல் தாம் இறக்குங்கால் 20,000க்கு மேற்பட்ட அரிய நூல்களை இந்நிலையத்திற்கே வைத்துச் சென்றார். கூட்டன்பர்க் தோலில் அச்சிட்ட விவிலியமும், 1623இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுதியும் அவற்றுள் அடங்கும்.

நூல்கள் பெருக, இடம் குறைந்தது. மியூசியத்தின் நடுமுற்றம் வெறுமையாய்க் கிடந்தது. அதில் வட்ட மண்டபமொன்று எழுப்பலாமென்று 1852இல் தம் கையாலேயே படம் வரைந்தார். சிட்னி ஸ்மர்க் என்னும் சிற்பியார் அதனை இரும்பினாற் கட்டுவித்தார். 1857இல் திறக்கப்பெற்ற அம்மண்டபத்தின் கவிகை 140 அடி விட்டமும் 106 அடி உயரமும் உடையது. நடுவில் மேற்பார்ப்போர் இருக்கை. அதனைச் சூழ அட்டவணைகள். அங்கிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போற் செல்லும் மேசைகள். தாயகம் இழந்த மற்றொருவராகிய கார்ல் மார்க்ஸ் அங்கமர்ந்தே ஆராய்ச்சி செய்தார்.

1856 முதல் மியூசியம் முழுமைக்கும் தலைவராயிருந்த பானிட்சி, 1866இல் ஓய்வு பெற்று, 1879 ஏப்ரல் 8இல் காலமானார். அந்நூல்கள் 1973இல் பிரிட்டிஷ் நூலகம் என்னும் நாட்டு நூல் நிலையத்தைச் சேர்ந்தன. பின்னர்ச் செயின்ட் பாங்க்ரஸில் எழுந்த புதிய மனைக்குச் சென்றன. வட்ட மண்டபமோ பழைய இடத்திலேயே நிற்கின்றது.

நாட்டிலே மிக்க செல்வன் எந்நூலைப் பெறுகின்றானோ, அந்நூலை ஏழை மாணவனும் பெறல் வேண்டும் என்பதே அவர் கொள்கை. வீட்டில் நூல்களில்லாத மாணவர் நம்முட் பலர். பசியோடு பிறர் நாட்டுட் புகுந்த ஒருவர் நம்மனையார்க்காகவே உழைத்தாரென்பதை, அடுத்த முறை நூல் நிலையக் கதவைத் திறக்கும்போதேனும் நினைப்போமாக.