அக்டோபர்ஃபெஸ்ட்: பீர் திருவிழா தெரியும்... அந்த மைதானத்துக்குப் பெயர் தந்த ராணி தெரேசா யார்?

செப்டம்பர் வந்தாலே ஜெர்மனியின் மியூனிக் நகரம் களைகட்டிவிடும். ஒரு லிட்டர் கிளாஸில் நுரை பொங்கும் பீர், ராட்டினம், பேண்டு வாத்தியம் என அக்டோபர்ஃபெஸ்ட் அமர்க்களப்படும். இதைப் பார்த்து உலகின் பல நகரங்களிலும் இதே பாணியில் பீர் திருவிழா நடத்துகிறார்கள். ஆனால் இது தொடங்கியது பீருக்காக இல்லை. ஒரு கல்யாணத்துக்காக!

யார் இந்த தெரேசா?

1792-ல் ஹில்ட்பர்க்ஹவுசன் என்ற குட்டி சமஸ்தானத்தின் பிரபு குடும்பத்தில் பிறந்தவர் தெரேசா. பிரஷ்யாவின் புகழ்பெற்ற ராணி லூயிஸ் இவருக்குச் சொந்தச் சித்தி. நெப்போலியனுக்கு இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது, அந்தப் பட்டியலில் தெரேசாவின் பெயரும் இருந்தது. ஆனால் அவரைக் கைப்பிடித்தது பவேரியாவின் பட்டத்து இளவரசர் லுட்விக்.

5 நாள் கழித்து நடந்த பந்தயம்

1810 அக்டோபர் 12-ல் மியூனிக்கில் திருமணம். மாப்பிள்ளைக்கு 24 வயசு, பொண்ணுக்கு 18. பவேரியா ராஜ்ஜியம் ஆகி அப்போது நாலே வருஷம்தான். மக்களை ஒன்றுசேர்க்க ஒரு விழா தேவைப்பட்டது. அக்டோபர் 17-ல் ஊருக்கு வெளியே இருந்த புல்வெளியில் குதிரைப் பந்தயம் நடந்தது. அந்தப் புல்வெளிக்கு மணப்பெண்ணின் பெயரையே வைத்தார்கள்: தெரேசியன்வீஸ, அதாவது தெரேசாவின் புல்வெளி. அடுத்த வருஷம் விவசாயக் கண்காட்சியும் சேர்ந்துகொண்டது. அப்படியே வருஷா வருஷம் தொடர்ந்தது.

மதம் மாறாத ராணி

கத்தோலிக்க நாடான பவேரியாவுக்கு வாழ்க்கைப்பட்டாலும், தெரேசா கடைசி வரை புராட்டஸ்டன்டாகவே இருந்தார். ஏழைகள், விதவைகள், அனாதைக் குழந்தைகளுக்கு உதவியதால் மக்கள் மனதில் இடம்பிடித்தார். அவருக்கு 9 பிள்ளைகள். அதில் மேக்ஸிமிலியன் பின்னாளில் பவேரியாவின் மன்னர். ஓட்டோ, நவீன கிரேக்கத்தின் முதல் மன்னர். நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைக் கட்டிய இரண்டாம் லுட்விக் இவரது பேரன்தான்.

வீட்டுக்குள்ளே வேறு கதை

வெளியே இவ்வளவு மரியாதை இருந்தாலும், அரண்மனைக்குள் நிம்மதி குறைவு. 1825-ல் மன்னரான லுட்விக்குக்குப் பெண்கள் சகவாசம் அதிகம். தான் ரசித்த அழகிகள் 36 பேரின் ஓவியங்களை வரையவைத்து அரண்மனையில் மாட்டினார். தெரேசா பொறுத்துப் போனார். ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருந்தது.

1846-ல் லோலா மோன்டெஸ் என்ற நடனக்காரி மியூனிக் வந்தார். 60 வயது மன்னர் சொக்கிப்போய், அவருக்குப் பிரபுப் பட்டமே கொடுத்தார். தெரேசாவோ லோலாவை ஏற்கவே மறுத்துவிட்டார். மக்களும் ராணி பக்கம் நின்றார்கள். ஊரே கொந்தளித்தது. கூடவே ஐரோப்பா முழுக்கப் புரட்சி அலை அடித்த நேரம் அது. 1848 மார்ச் 20-ல் லுட்விக் முடி துறந்தார்.

விழா நடக்காத வருஷம்

1854-ல் மியூனிக்கை காலரா தாக்கியது. நோய் பயத்தால் அந்த வருஷம் அக்டோபர்ஃபெஸ்ட் ரத்தானது. அதே காலரா அக்டோபர் 26-ல் தெரேசாவின் உயிரையும் பறித்தது. அப்போது அவருக்கு வயது 62. யாருடைய கல்யாணத்தால் விழா பிறந்ததோ, அவர் இறந்தது விழா நடக்காத வருஷத்தில், அதுவும் தன் கல்யாண நாள் கழிந்து இரண்டே வாரத்தில்.

இன்றும் வாழும் பெயர்

குதிரைப் பந்தயம் காலப்போக்கில் பின்னுக்குப் போய், பீர் முன்னுக்கு வந்துவிட்டது. குளிருக்கு முன்பே முடிக்க வசதியாக விழாவும் செப்டம்பருக்கு நகர்ந்துவிட்டது. அன்று ஊருக்கு வெளியே இருந்த புல்வெளி, இன்று நகரத்துக்கு நடுவில். மியூனிக் நகரவாசிகள் இந்த விழாவை 'வீஸன்' என்றுதான் செல்லமாகச் சொல்வார்கள். தெரேசியன்வீஸ என்ற பெயரின் சுருக்கம் அது. வருஷத்துக்குச் சுமார் 60 லட்சம் பேர் கிளாஸ் உயர்த்திக் கொண்டாடுவது, 18 வயதில் அந்த ஊருக்கு மருமகளாக வந்தவரின் மைதானத்தில்தான்.