டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் ஒரு தங்கையும்

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை அறியாதவர் நம்மில் குறைவு. அதை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

1923-ல் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்று நினைத்தே வைத்தியம் நடந்தது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்கா டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கம் அவரை விடவில்லை. சட்டசபைத் துணைத் தலைவராகி, தேவதாசி முறை ஒழிப்புக்காகப் போராடிய நாட்களிலும் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் கூடவே இருந்தது. 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கியது. தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1968-ல் அம்மையார் காலமானார்.

இன்றும் நோயை முதலில் பார்ப்பவர் நம் குடும்ப டாக்டர்தான். மலத்தில் ரத்தம், ஆறாத புண், காரணமில்லாமல் எடை குறைவது போன்றவற்றை நாமே மூலம், சூடு என்று முடிவு கட்டாமல், எத்தனை நாளாக இருக்கிறது என்பதையும் சேர்த்து அவரிடம் சொல்வோம். மருந்துக்குக் கேட்கவில்லை என்றால் மறுபடி போய், மேல் பரிசோதனை வேண்டுமா என்று கேட்போம். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களும் ரிப்போர்ட்டுகளை அவரிடம் காட்டி வைப்பது நல்லது.