லூயிஸ் கான்: நாடு மாறியும் நிற்காத கட்டடம்

டாக்காவில் இருக்கும் பங்களாதேஷ் நாடாளுமன்றத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீங்க. தண்ணீருக்கு நடுவே, பெரிய வட்டமும் முக்கோணமும் வெட்டிய கான்கிரீட் சுவர்கள். அதை வடிவமைத்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயிஸ் கான்.

எஸ்டோனியாவிலிருந்து பிலடெல்பியாவுக்குப் பிழைக்க வந்த ஏழைக் குடும்பம். சின்ன வயசிலேயே நெருப்பு பட்டு முகத்தில் தழும்பு. பேர் கிடைத்தது ஐம்பது வயதுக்குப் பிறகுதான்.

1962-இல் இந்த வேலையைக் கொடுத்தது பாகிஸ்தான். ஆமாம், அப்போ பங்களாதேஷ் என்ற நாடே கிடையாது! 1971 போரில் வேலை நின்றது. புது நாடு பிறந்ததும் அதே வடிவமைப்பில் தொடர்ந்தது. கான்கிரீட் ஊற்றிய அடுக்குகள் சேரும் கோடு தெரியாமல் இருக்க வெள்ளைப் பளிங்குப் பட்டை பதித்தார்கள். இப்போ அதுதான் சுவருக்கே அழகு.

1974 மார்ச்சில், இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில், நியூயார்க் ரயில் நிலையத்தில் மாரடைப்பால் இறந்தார். அலுவலகம் கடனில் மூழ்கிக் கிடந்தது. நாடாளுமன்றம் முடிந்தது 1982-இல்.