வண்டலூர்க் காரை வரைந்த கை

தாம்பரத்தை அடுத்த வண்டலூரில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை நம் மூத்தோர் நன்கறிவர். அதன் வடிவைத் தீட்டிய கலைஞரை அறிந்தோர் மிகச் சிலரே. அவர்தாம் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி.

1921-இல் டூரின் நகரில் பிறந்த அவர், பதின்ம வயதிலேயே ஃபாரினா கார்ப் பட்டறையில் தொழில் பயிலச் சேர்ந்தார். 1949-இல் சொந்தக் கூடம் அமைத்தார். பெருஞ்செல்வர்கள் விரும்பிய மாசராட்டி 3500 ஜி.டி. ஸ்பைடர் என்னும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் அவர் வரைந்ததே. இங்கிலாந்தின் டிரையம்ப் நிறுவனத்துக்காக அவர் வரைந்த ஹெரால்டு 1959-இல் வெளிவந்தது.

கூரையும் சேர்ந்து வலுத்தரும் கார்களில் அதை நீக்கினால் உடல் தளரும். ஹெரால்டிலோ தனிச் சேஸிஸே சுமையைத் தாங்கியது; உடற்பகுதிகள் போல்ட்டுகளால் பூட்டப்பட்டன. ஆகவே கூரை மடங்கும் வகையை எளிதில் செய்ய முடிந்தது. அந்தச் சேஸிஸைக் குறுக்கியே 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்னும் திறந்த ஸ்போர்ட்ஸ் காரும் பிறந்தது. அதுவும் அவர் கைவண்ணமே.

1980-இல் மிக்கெலோட்டி மறைந்தார். வண்டலூர்த் தொழிற்சாலையும் பின்னர் மூடப்பட்டது. செல்வருக்கு மாசராட்டி வரைந்த அதே கை, நம்மூர் நடுத்தரக் குடும்பத்தின் வாசலில் நின்ற காரையும் வரைந்தது. மாணவ நண்பர்களே, கற்ற கலையை ஆள் பார்த்து அளக்காதிருப்போமாக!