பிரித்துப் பார்த்துப் படித்த மேதை ஜி.டி. நாயுடு



விஞ்ஞானி என்றால் எடிசன், சர்.சி.வி.ராமன் என்று அடுக்குகிறோம். பஸ் ஓட்டி, ஸ்பேனர் பிடித்து, கையெல்லாம் கிரீஸோடு மேலே வந்த நம்ம கோயம்புத்தூர்க்காரர் ஒருவரை மறந்துவிடுகிறோம். அவர்தான் ஜி.டி. நாயுடு. டிப்ளமோ படிக்கிற நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23ஆம் தேதி கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, ஆரம்ப வகுப்போடு படிப்பு நின்றது. வாலிப வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி எப்படி ஓடுது? இந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து, கடைசியில் அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கி ஊர் சுற்றினாரா? இல்லை! அக்கக்காகக் கழற்றினார். திரும்ப மாட்டினார். அதுதான் அவர் படித்த பாலிடெக்னிக்!

மெக்கானிக் ஆனார். 1920இல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி - பழநி தடத்தில் தொழில் தொடங்கினார். தானே ஓட்டினார். நம்ம பெரியகுளத்திலிருந்து பார்த்தால் தெரியும் கொடைக்கானல் மலைக்கு அந்தப் பக்கம்தான் பழநி.

அந்தக் காலத்துப் பஸ் என்றால் லேசுப்பட்டதா? இன்றைக்கு இருக்கும் சிங்க்ரோமெஷ் கியர் அப்போது கிடையாது. அமெரிக்காவின் காடிலாக் கம்பெனி 1928இல்தான் அதை முதலில் காரில் கொண்டுவந்தது. அதற்கு முன் டிரைவர் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, இன்ஜின் வேகத்தைக் காதாலேயே கணித்து, மறுபடி மிதித்துத்தான் அடுத்த கியர் போட வேண்டும். கணக்குத் தப்பினால் பல்லோடு பல் மோதி நொறுங்கும். மாற்றுப் பல்சக்கரமோ கடல் தாண்டி வரவேண்டும். ஆகவே வண்டியின் உள்ளே என்ன நடக்குது என்று தெரிந்தவர்தான் அந்தத் தொழிலில் நிலைக்க முடிந்தது. நாயுடு நிலைத்தார். அவருடைய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் 1930களில் 200க்கும் மேற்பட்ட பஸ்களோடு வளர்ந்தது.

பிறகு மின்சார ரேசர் ஒன்றை உருவாக்கினார். 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து நம் நாட்டிலேயே மின் மோட்டார் தயாரித்துக் காட்டினார். 1952இல் 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் போகும் கார் செய்தார். அரசாங்க அனுமதி கிடைக்காமல் அது தெருவுக்கு வரவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். எங்க வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். ஊரில் சில பெரியவங்க அப்பாவிடம் ஒரு யோசனை சொல்வாங்க. ஜி.டி. நாயுடு எந்தக் காலேஜில் படிச்சாரு, பையனுக்கு எதுக்கு ஃபீஸ் கட்டுற, ஒர்க்‌ஷாப்பில் விட்டா நாளைக்கே சம்பளம் என்பார்கள். மலைக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய் ஃபீஸ் கட்டும் வீட்டில் இது சாதாரணக் கேள்வி இல்லை.

இதற்கு நாயுடுவின் வாழ்க்கையே பதில் சொல்கிறது. படிக்காத அவர்தான் 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வருவதற்குப் பொருளும் உழைப்பும் கொடுத்தார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. படிப்பு வீண் என்று நினைத்தவர் கல்லூரி கட்டுவாரா? அவருக்கு வேறு வருத்தம் இருந்தது. நான்கு வருஷப் படிப்பைப் பாதியில் முடிக்கலாம், மீதி வீணாகுது என்று வாதாடினார். அரசாங்கம் ஒப்பவில்லை. முதல்வர் பொறுப்பை விட்டே விலகினார்.

அந்த வருத்தம் இன்றைக்கும் நம்மைக் குத்தத்தான் செய்கிறது. பரீட்சையில் கியர் பாக்ஸ் படத்தை அழகாக வரைகிறோம். பழைய ஆம்னி வேன் ஒன்றை முன்னால் நிறுத்தினால்? 1984இல் வந்து 2019இல் தயாரிப்பு நின்ற வண்டி அது. நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் இன்னும் ஓடுகிறது. போடிமெட்டு, குமுளி மலைப்பாதையில் ஏற்றத்தில் பாதி கிளட்சிலேயே நிறுத்தி வைத்தால் கிளட்ச் பிளேட் கருகும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பிரேக் மட்டுமே தாங்கணும். சூடேறி அதுவும் கைவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கியர் விழவில்லை என்றதும் பெட்டியை இறக்கக் கூடாது. முதலில் கிளட்ச் கேபிளைப் பார்க்கணும். பெடலின் விளையாட்டு அளவு சரியா என்று பார்க்கணும். பாதி வேன்களுக்கு வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும். நியூட்ரலில் இரைச்சல் வந்து, கிளட்சை மிதித்ததும் நின்றால் பெட்டிக்குள் பேரிங். மிதிக்கும்போது மட்டும் இரைந்தால் ரிலீஸ் பேரிங். ஒரே ஒரு கியரில் இரைந்தால் அந்தக் கியரின் பல். சமதரையில் நிறுத்தி, ஆயில் ஊற்றும் துளையின் விளிம்பு வரை கியர் ஆயில் நிற்குதா என்று விரலை விட்டுப் பார்க்கணும். வடித்த ஆயிலில் பளபளவென்று இரும்புத் துகள் கிடந்தால், உள்ளே ஏதோ தேயுது என்று அர்த்தம். காரணம் தெரிந்தவன் ஒரு பேரிங்கை மாற்றுவான். தெரியாதவன் மொத்தப் பெட்டியையும் மாற்றச் சொல்வான். வேன்காரரின் ஒரு மாசச் சம்பாத்தியம் அதில் போய்விடும்.

ஒர்க்‌ஷாப் பையன்களுக்குக் கை தெரியும். நமக்குக் காரணம் தெரியும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்ததுதான் ஜி.டி. நாயுடு! தனி ஆளாக அவர் எத்தனையோ வருஷம் தேடியது நமக்கு மூன்று வருஷத்தில் கிடைக்கிறது. அதைக் கையில் கொண்டுவராமல் போனால் குற்றம் ஃபீஸ் கட்டினவங்க மேல் இல்லை.

1974 ஜனவரி 4இல் அவர் மறைந்தார். 2025இல் கோவை அவிநாசி சாலையில் திறந்த மேம்பாலத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். கோவையில் அவர் பெயரிலான அருங்காட்சியகமும் இருக்கிறது. அடுத்த ஆண்டு இன்பச் சுற்றுலாவுக்கு ஊட்டி போகும் வழியில் அங்கே ஒரு நாள் இறங்க வேண்டும் என்று நம் மாணவர் பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னால், நம்ம லேபில் கிடக்கும் பழைய கியர் பாக்ஸை ஒரு சனிக்கிழமை பிரிப்போம். கழற்றிய வரிசையிலேயே துணி விரித்து அடுக்குவோம். ஒரு நட்டுகூட மிஞ்சாமல் திரும்ப மாட்டுவோம். வாருங்கள் நண்பர்களே!