மோகன் குமாரமங்கலம்

சுரேந்திர மோகன் குமாரமங்கலம் (நவம்பர் 1, 1916 - மே 31, 1973) தமிழகத்தைச் சேர்ந்த வழக்கறிஞரும் அரசியல்வாதியும் ஆவார். பொதுவுடைமை இயக்கத்தில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பணியாற்றிய பின்னர் காங்கிரசில் இணைந்து, இந்திரா காந்தியின் அமைச்சரவையில் உருக்கு மற்றும் சுரங்கத்துறை அமைச்சராக இருந்தார். நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டதில் இவரது பங்கு முதன்மையானது. சென்னையிலிருந்து தில்லிக்குச் சென்ற விமானம் ஒன்று, தரையிறங்கும் வேளையில் அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கி விபத்துக்குள்ளானதில் தமது 56ஆம் அகவையில் உயிரிழந்தார்.

இளமையும் குடும்பமும்

இவர் இலண்டனில் பிறந்தார். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் சமீன் குடும்பத்தைச் சேர்ந்த இவரது தந்தை ப. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். தாய் இராதாபாய், 1930இல் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்ட இரு இந்தியப் பெண்களுள் ஒருவர். அண்ணன் ப. பி. குமாரமங்கலம் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார். தங்கை பார்வதி கிருஷ்ணன் பொதுவுடைமைக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். ஒரே குடும்பத்தில் சமீன்தாரும் படைத்தளபதியும் பொதுவுடைமைவாதிகளும் இருந்தது அக்காலத்தில் பலருக்கும் வியப்பளித்தது.

ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ச்சு கிங்சு கல்லூரியிலும் பயின்றார். 1938இல் கேம்பிரிட்ச்சு மாணவர் பேரவையின் தலைவரானார். அங்குதான் பொதுவுடைமைக் கொள்கையில் ஈடுபாடு கொண்டார்.

அரசியல்

நாடு திரும்பியதும் கட்சிப் பணியில் இறங்கினார். சென்னைச் சதி வழக்கில் பி. இராமமூர்த்தி, சி. எஸ். சுப்பிரமணியம், ஆர். உமாநாத் ஆகியோருடன் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். பின்னர் சென்னையில் வழக்கறிஞராகப் பெயர் பெற்றார். 1966-67இல் சென்னை மாநில அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்தார்.

பொதுவுடைமைவாதிகள் வெளியில் நின்று காங்கிரசை எதிர்ப்பதைவிட அதனுள் சென்று அதன் போக்கை மாற்றுவதே பயன் தரும் என்பது இவரது கருத்து. தாமே அவ்வழியில் சென்று, 1971இல் புதுச்சேரி தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு அமைச்சரானார்.

உருக்கு உருக்கத் தேவையான கற்கரி நிலக்கரிச் சுரங்கங்கள் 1971 அக்டோபரில் அரசின் மேலாண்மைக்குள் கொண்டுவரப்பட்டு, மே 1, 1972 அன்று நாட்டுடைமையாயின. ஏனைய சுரங்கங்கள் மே 1, 1973 அன்று நாட்டுடைமையாயின. எளிதில் கிடைக்கும் மேலடுக்கு நிலக்கரியை மட்டும் வெட்டிக்கொண்டு எஞ்சியதைப் பாழாக விட்டதும், தொழிலாளர் பாதுகாப்பைப் புறக்கணித்ததும் தனியார் உரிமையாளர்கள்மீது கூறப்பட்ட குறைகள். வடசென்னையின் எண்ணூரில் 1970 முதல் 2017 வரை இயங்கிய அனல்மின் நிலையம் போன்று சுரங்கங்களுக்கு வெகு தொலைவில் இருந்த ஆலைகளும் கிழக்கிந்திய நிலக்கரியையே நம்பியிருந்தன. எனவே இம்மாற்றம் சுரங்கப் பகுதிகளோடு நின்றுவிடவில்லை. பொதுத்துறை உருக்காலைகளுக்கான தாய் நிறுவனமாக இந்திய உருக்கு ஆணையம் 1973 சனவரியில் உருவானதும் இவரது காலத்திலேயே.

1973 ஏப்ரலில் மூத்த நீதிபதிகள் மூவரைப் புறந்தள்ளி ஏ. என். ரே உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது, அம்முடிவை மக்களவையில் வலுவாக ஆதரித்துப் பேசியவரும் இவரே. இவரது பொதுவாழ்வில் கடும் கண்டனத்துக்கு உள்ளான செயல் இது.

விமான விபத்து

மே 31, 1973 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்சு 440ஆம் எண் விமானத்தில் 58 பயணிகளும் 7 பணியாளர்களும் இருந்தனர். அது போயிங் 737 வகையைச் சேர்ந்தது. இரவில் தில்லி பாலம் விமான நிலையத்தை நெருங்கியபோது புழுதிப் புயலும் மழையும் சேர்ந்து பார்வையை மறைத்தன.

அன்று விமானிகளுக்கு வழிகாட்டியது திசையை மட்டும் அறிவிக்கும் வானொலிக் குறிகாட்டி. எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை அது சொல்லாது. விமானிகள் உயரமானியைப் பார்த்துப் படிப்படியாக இறங்கி, குறிக்கப்பட்ட குறைந்தபட்ச உயரத்தை எட்டியதும் மேலும் இறங்காமல் நேராகப் பறக்க வேண்டும். ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே அதற்குக் கீழே இறங்கலாம். தெரியாவிட்டால் மீண்டும் மேலேறிவிட வேண்டும். இன்னும் சற்று இறங்கினால் பாதை தெரிந்துவிடும் என்ற எண்ணம் இத்தகைய வேளையில் எழுவது இயல்பு. அதைத் தடுக்கவே அவ்வெல்லை வகுக்கப்பட்டுள்ளது.

440ஆம் விமானம் ஓடுபாதையைக் காணாமலேயே அவ்வெல்லைக்குக் கீழே இறங்கியது. ஓடுபாதையை அடையுமுன் உயரழுத்த மின்கம்பிகளில் மோதி விழுந்து தீப்பற்றியது. 48 பேர் இறந்தனர். 17 பேர் உயிர் தப்பினர். குறைந்தபட்ச உயரத்தை மீறி இறங்கியதே விபத்தின் காரணமாகக் கண்டறியப்பட்டது.

பஞ்சாப் முன்னாள் முதலமைச்சர் குர்னாம் சிங், தொழிற்சங்கத் தலைவர் சதீசு லூம்பா, கோயம்புத்தூர் மக்களவை உறுப்பினர் கே. பாலதண்டாயுதம் ஆகியோரும் இறந்தவர்களுள் அடங்குவர். பொதுவுடைமைக் கட்சியின் முன்னணித் தலைவரான பாலதண்டாயுதத்தின் மறைவால் வெற்றிடமான தொகுதியில் 1974இல் நடந்த இடைத்தேர்தலில் வென்றவர் பார்வதி கிருஷ்ணன். விபத்தில் அண்ணனை இழந்தவரே, அதே விபத்தில் இறந்த தோழரின் இடத்துக்கு வர நேர்ந்தது.

தரையை நெருங்குவதை விமானிக்கு ஒலியெழுப்பி உணர்த்தும் கருவி அப்போது பரவலாகப் பயன்பாட்டில் இல்லை. 1974 திசம்பரில் வாசிங்டன் அருகே ஒரு விமானம் உரிய நேரத்துக்கு முன்பே தாழ இறங்கி மலையில் மோதி 92 பேர் இறந்த பின்னரே, அமெரிக்கா அக்கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களில் கட்டாயமாக்கியது.

மறைவுக்குப் பின்

மனைவி கல்யாணி, மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த அசய் முகர்சியின் உறவினர். மகன் ரங்கராசன் குமாரமங்கலம் பின்னாளில் நடுவண் அரசில் மின்துறை அமைச்சரானார், 2000இல் காலமானார். சேலத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மோகன் குமாரமங்கலத்தின் பெயரைத் தாங்கியுள்ளது.